தானிகார்த் வயலில் பனி உலராத கதை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆகஸ்ட் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, தானிகார்த் பண்ணையின் சாலையோர வயலில் பனி இறங்கியது. அது இன்றுவரை உலரவில்லை. வயல் ஐந்து ஏக்கர், நான்கு பக்கமும் கல்சுவர். சுவருக்கு உள்ளே ஒவ்வொரு புல் நுனியிலும் ஒரு துளி நின்றது. சுவருக்கு வெளியே ஒரு சாண் தள்ளி புல் காய்ந்து மொரமொரவென்று கிடந்தது. முதலில் அதைச் சொன்னவர் தபால்காரர். அவர் மூன்று கடிதங்களைக் கொடுத்துவிட்டு, வயல் நனைந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். கும்ஹெலிக் பள்ளத்தாக்கில் வருஷத்தில் இருநூறு நாள் மழை பெய்யும் என்பதால் முதல் வாரம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் கிழக்கிலிருந்து வறண்ட காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. கொடியில் போட்ட கம்பளிகள் ஒரு மணி நேரத்தில் காய்ந்தன, வயல் காயவில்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் குவிலிம் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்வல், யாரோ காலை நேரத்த உன் வயல்ல வச்சிட்டு எடுத்துட்டுப் போக மறந்துட்டாங்கப்பா" என்றார். இத்வலும் சிரித்தார். பனி எதற்காக நிற்கிறது என்று அந்தப் பள்ளத்தாக்கில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இத்வலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முந்நூற்று நாற்பது தாயாடுகள், மலையில் மேய்ச்சல் உரிமை, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் மனைவி நெரிஸ், கார்டிஃப் நகரத்தில் படிக்கும் மகள். கெட்ட பழக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை; பிறர் தன்னை நல்லவன் என்று சொல்வதைக் கேட்பதில் கொஞ்சம் ஆசை, அவ்வளவுதான். முந்தைய வருஷம் அக்டோபரில் அவர் எல்லை தாண்டி இங்கிலாந்துச் சமவெளிச் சந்தைக்குப் போய் இரண்டு கிடாக்கள் வாங்கி வந்தார். முதுகு பலகை மாதிரி அகன்ற கிடாக்கள். வெளியூர் ஆட்டை வாங்கினால் இரண்டு வகைப் புழு மருந்து கொடுத்து, இரண்டு நாள் கொட்டகையில் அடைத்து வைத்து, வயிற்றில் உள்ளதெல்லாம் வெளியே வந்த பிறகே புல்லில் விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கால்நடை மருத்துவர் லோவ்ரி ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத்தான் சொல்வாள். அவளுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர்களில் இத்வலும் ஒருவர். ஆனால் கிடாக்கள் வந்து இறங்கியது சனிக்கிழமை மாலை. மறுநாள் காலை சபைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தச் சாலை வழியாகத்தான் போவார்கள். கொட்டகைக்குள் அடைத்து வைத்த கிடாவை யார் பார்க்கப்போகிறார்கள்? இத்வல் இரண்டையும் சாலையோர வயலில் அவிழ்த்து விட்டார். மறுநாள் ஏழு வண்டிகள் நின்றன. அந்த ஏழு வண்டிகளுக்காகத்தான் எல்லாம் நடந்தது.

அதோடு விட்டிருந்தாலும் தீங்கு அவர் வீட்டோடு போயிருக்கும். மேலே, பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ப்ளைனந்த் பண்ணை இருக்கிறது. அங்கே மெரெரிட் என்ற அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி தனியாக நூற்றைம்பது தாயாடுகளை வைத்திருந்தாள். வாய்த்துடுக்குக்காரி. ஆட்டைத் தூக்கி மல்லாக்கப் போடுவதில் ஆண்களுக்குச் சளைக்காதவள். அந்த வருஷம் அவளுடைய கிடா காலொடிந்து போனது. இத்வல் தாமாகவே புதுக் கிடாக்களில் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் தர வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தார். மெரெரிட் தேநீரில் ஊறவைத்த பழம் போட்டு ஒரு ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பினாள். அதோடு சபையில் எல்லார் காதிலும் விழும்படி, "இந்தப் பள்ளத்தாக்குல மனுஷன்னு ஒருத்தன் இருக்கான்னா அது தானிகார்த் இத்வல்தான், மத்ததெல்லாம் தொப்பி போட்ட வேலிக்கால்" என்றாள். வேலிக்கால்கள் சிரித்தன. இத்வல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

மறு வருஷம் ஜூலையில் தானிகார்த் குட்டிகள் தேறவில்லை. பின்புறம் கறுத்துக் கழிந்தன. ரோமம் ஒட்டிப்போய், தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. இத்வல் வழக்கமான வெள்ளைப் புழு மருந்தைக் கொடுத்தார். கேட்கவில்லை. தெளிந்த மருந்தைக் கொடுத்தார், அதுவும் கேட்கவில்லை. செத்த ஒரு குட்டியை லோவ்ரி கொட்டகையிலேயே அறுத்துக் குடலைத் தண்ணீரில் அலசிக் காட்டினாள். தலைமுடியை வெட்டிப் போட்டதுபோல மெல்லிய புழுக்கள், ஆயிரக்கணக்கில். புழுக்கையை எடுத்துப் போய் முட்டைகளை எண்ணினாள். மருந்து கொடுத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி எடுத்து எண்ணினாள். ஆகஸ்ட் பதினேழாம் தேதி பகலில் அவள் போன் செய்தபோது இத்வல் சாலையோர வயலின் கதவருகே நின்றிருந்தார்.

"மருந்துக்கு முன்னாடி எவ்வளவோ, பின்னாடியும் அவ்வளவேதான் இருக்கு" என்றாள் லோவ்ரி. "வெள்ளையும் தெளிஞ்சதும் இனி உங்க பண்ணையில தண்ணி மாதிரி. அந்தக் கிடாங்களோட வந்த புழுவா இருக்கும். மஞ்சள் மருந்து இன்னும் கேக்குது, இன்னிக்கே குடுத்துருங்க. ஒரு விஷயம், அந்தக் கிடா வேற எங்கயாவது போச்சா?"

"ஒரு இடத்துக்குப் போச்சு."

"அவங்களுக்கு உடனே சொல்லுங்க. ஒரு பண்ணையோட முடிவ இன்னொரு பண்ணைக்கு நான் சொல்லக் கூடாது, நீங்கதான் சொல்லணும். புழுவோட குஞ்சு புல்லு மேல பனி ஈரத்துல ஏறி நுனியில நிக்கும், ஆடு கடிக்கக் கடிக்க உள்ள போகும். ஒவ்வொரு நாளும் கணக்குதான். சொல்லிடுவீங்கல்ல?"

"சாயங்காலமே சொல்லிடறேன்" என்றார் இத்வல். போனை மூடினார். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே தாம் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டரை மணி வெயிலில் வயல் முழுக்கப் பனி.

அவர் சொல்லாததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. அன்று சாயங்காலம் போகலாம் என்று நினைத்தார், மெரெரிட்டின் வண்டி வாசலில் இல்லை. மறுநாள் கம்பளி மூட்டை கட்டும் வேலை. அதற்கு மறுநாள், இரண்டு நாள் தள்ளிப் போய்ச் சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று கூச்சமாக இருந்தது. நாலாம் நாள் கூச்சம் நாலு மடங்கானது. ஒரு வாரம் ஆன பிறகு சொல்வதற்கு இரண்டு குற்றங்கள் இருந்தன, இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. இதற்கிடையில் அவர் மஞ்சள் மருந்தை வாங்கி வந்து தம் குட்டிகளுக்குக் கொடுத்தார். காலி டப்பாக்களைக் கொட்டகையில் பழைய பலகைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். பத்து நாளில் குட்டிகள் தேறின.

ப்ளைனந்தில் குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. மெரெரிட் அதைத் தன் கைத்தவறு என்று நினைத்தாள். மருந்து ஊட்டும் துப்பாக்கி பழசு, அளவு குறைவாக விழுந்திருக்கும், அல்லது எடை போடாமல் கண்மதிப்பில் கொடுத்தது தப்பு, அல்லது வயசாகிவிட்டது. புதுத் துப்பாக்கி வாங்கினாள், தராசு வாங்கினாள், மறுபடி வெள்ளை மருந்தை அளந்து அளந்து கொடுத்தாள். குட்டிகள் மறுபடி செத்தன. மருத்துவரைக் கூப்பிட அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது வருஷம் ஆடு வளர்த்தவள் மருந்து கொடுக்கத் தெரியாமல் குட்டிகளைக் கொன்றாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆகவே அந்தப் பள்ளத்தாக்கில் ஒரே விஷயத்துக்காக இரண்டு பேர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மெரெரிட்டுக்கு வெட்கப்பட ஒரு காரணமும் இருக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் மலையிலிருந்து எல்லாரும் சேர்ந்து ஆடுகளை இறக்கினார்கள். பிரித்தெடுக்கும் பட்டியில் ப்ளைனந்த் குட்டிகளைப் பார்த்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். குவிலிம் மட்டும், "என்ன மெரெரிட், குட்டிங்களுக்கும் உங்க சமையல்தானா?" என்றார். அவள் வழக்கமாக இதற்கு மூன்று மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை. இத்வலின் குட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். முதுகில் கையை ஓட்டினாள்.

"ஏம்ப்பா இத்வல், உன் குட்டிங்க கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரியுது. என்னப்பா குடுத்த?"

அவர் வாயைத் திறந்தார். மஞ்சள் என்ற சொல் நாக்கில்தான் இருந்தது. சுற்றிலும் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் எங்க பக்கம் புல்லு நல்லாயிருக்கு."

"ஆமா, உனக்குத்தான் பகல்லயும் பனி விழுதே" என்று அவள் சிரித்தாள். "எனக்குக் கைதான் சரியில்ல. துப்பாக்கி பிடிக்கற கை நடுங்குது போல. எனக்கே தெரியாம."

அவளுடைய கை நடுங்கவில்லை. இத்வல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோது கோட்டுக்குள் சட்டை நனைந்திருந்தது. புருவத்திலும் மீசையிலும் காது மடலிலும் சின்னச் சின்னத் துளிகள் நின்றன. நெரிஸ் துண்டை எடுத்துக் கொடுத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி துளிர்த்தது. வியர்வை என்றார். நெரிஸ் ஒரு துளியை விரலில் எடுத்துப் பார்த்து, "வியர்வை இவ்வளவு குளிரா இருக்காது" என்று சொல்லிவிட்டு வேறு துண்டு எடுத்து வந்தாள்.

அன்றிலிருந்து இத்வல் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடம் நனைந்தது. சபையில் அவருடைய இருக்கைப் பலகை உப்பியதால் ஆர்கன் வாசிக்கிறவள் அவரைச் சுவரோரமாக மாறி உட்காரச் சொன்னாள். பாட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. கைகொடுத்தவர்கள் கையை மெல்லக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். அவர் போட்ட கையெழுத்து கரைந்து ஓடியதால் தபால் நிலையத்தில் அவருக்கென்று பென்சில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மழை பெய்கிற நாட்களில் அவர் எல்லாரையும் போல இருந்தார். அதனால் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து மழைக்காக வேண்டிக்கொள்வது வழக்கமாயிற்று. பள்ளத்தாக்கில் அவரைப் பற்றிக் கெட்டதாக யாரும் பேசவில்லை. சிறுநீரகக் கோளாறாக இருக்கும் என்றார்கள். பாவம், நல்ல மனுஷன் என்றார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தபோதெல்லாம் சொல்லின் முடிவில் ஒரு துளி அவர் மூக்கு நுனியிலிருந்து விழுந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு பிற்பகல் மெரெரிட் தானிகார்த்துக்கு வந்தாள். தலையைப் படிய வாரி, சபைக்குப் போகும் உடுப்பில் வந்திருந்தாள். முப்பத்தொரு குட்டிகள் போய்விட்டன என்றும், மந்தையை விற்றுவிடத் தீர்மானித்துவிட்டதாகவும், அக்டோபர் பத்தாம் தேதி சனிக்கிழமை பண்ணையிலேயே ஏலம் என்றும் சொன்னாள். அந்த மலையில் வேலி கிடையாது. எந்தச் சரிவு எந்தப் பண்ணையுடையது என்பதைத் தாயாடுகள்தான் தங்கள் குட்டிகளுக்குக் காட்டிக் கொடுக்கின்றன. மந்தை போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும், எந்த ஏலத்திலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. அவள் அதற்காகத்தான் வந்திருந்தாள்.

"நல்ல ஆடுங்க ஒரு பன்னெண்டு எடுத்து வச்சிருக்கேன். அதுங்கள விக்கல. நீ வச்சுக்க. சரிவு தெரிஞ்ச ஆடுங்க, மேல விட்டா தானா இடத்துக்குப் போயிடும். யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. உன்கிட்ட இருந்தா நல்லா இருக்கும்."

"நீங்க இன்னும் ஒரு வருஷம் பாக்கலாமே."

"கண்ணு, நான் என் கையாலயே கொன்னுட்டு இருக்கேன். போதும்."

இத்வல் சரி என்றார். நன்றி என்றும் சொன்னார். இந்த வரலாற்றில் அவர் செய்தவற்றில் இதுதான் மிகக் கேவலமானது. பின்னாளில் அவரே அப்படித்தான் சொன்னார். மெரெரிட் எழுந்து போன உடனே சமையலறைச் சுவர்களில் பனி அரும்பியது. மேஜை விரிப்பு கனத்தது, சர்க்கரைக் கிண்ணத்தில் சர்க்கரை கட்டியானது, கடிகாரத்தின் கண்ணாடிக்கு உட்புறம் துளிகள் ஓடின. அவள் கொண்டுவந்திருந்த பழ ரொட்டி தட்டிலேயே ஊறிக் குழைந்துபோனது.

நெரிஸுக்குத் தெரிய வந்தது அடுத்த வாரம். தபால் நிலைய வரிசையில் லோவ்ரி அவளிடம், "உங்க கிடா போன இடம் ப்ளைனந்த்தானாமே, மஞ்சள் மருந்து குடுத்தும் கேக்கலையா, ஏலம் போடறாங்களாம், கேட்டதிலிருந்து மனசே சரியில்ல" என்றாள். நெரிஸ் என்ன மஞ்சள் மருந்து என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தாள், கோட்டைக் கழற்றாமல் கொட்டகைக்குப் போய் மூலைமூலையாகத் தேடிப் பலகைகளை நகர்த்தினாள், ஒரு காலி டப்பாவை எடுத்து வந்து ஈர மேஜைமேல் வைத்தாள். இத்வல் அதைப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது, ஆனால் வீட்டுக்குள் அதைவிடச் சத்தமாகச் சொட்டியது.

"எத்தனை நாளா?"

"ஆகஸ்ட்லருந்து."

"ஊரு நல்லவன்னு சொல்றதுக்காகவா?"

அவர் மீசையிலிருந்து சொட்டியதைத் துடைத்தார்.

"நானும் இந்த ஒரு மாசமா உன் பின்னாடியே துண்டு தூக்கிட்டு அலையறேன், இத்வல். உனக்கு உடம்புக்கு என்னமோன்னு அழுதிருக்கேன். அது உடம்பு இல்ல." அவள் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். "நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லவா?"

"நான் சொல்றேன்."

"இப்படித்தானே லோவ்ரிகிட்டயும் சொன்ன."

அக்டோபர் பத்தாம் தேதி காலை வானம் ஒரு மேகம்கூட இல்லாமல் இருந்தது. ப்ளைனந்த் முற்றத்தில் எழுபது பேர் கூடியிருந்தார்கள். தடுப்புகளுக்குள் ஆடுகள், முன்னால் ஏலக்காரர் கையில் குச்சியோடு ஒரு வண்டித்தட்டின் மேல் நின்றார். மெரெரிட் வீட்டு வாசலில், யார் கண்ணையும் பார்க்காமல், தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இத்வல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தபோது காய்ந்த சிமெண்டுத் தரையில் அவருடைய கால்தடங்கள் வரிசையாக ஈரமாக விழுந்தன. வண்டித்தட்டில் ஏறினார். ஏலக்காரர், ஏலம் கேட்கிறவர்கள் கீழே நிற்க வேண்டும் என்றார். இத்வல் தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குள்ளிருந்து ஒரு கோப்பை தண்ணீர் கொட்டியது.

"மெரெரிட் கை நடுங்கல" என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை, மறுபடி சொன்னார். "மெரெரிட் கை நடுங்கல. துப்பாக்கியும் சரியாத்தான் இருந்துச்சு. என் கிடாவோட வந்த புழு இது. வெள்ளை மருந்துக்குச் சாகாது. கிடாவ ரெண்டு நாள் அடைச்சு வைக்கணும், நான் வைக்கல. நீங்க எல்லாம் பாக்கணும்னு ரோட்டோரமா விட்டேன். அப்புறம் நல்ல பேருக்காக இவங்களுக்கும் கொண்டு வந்து குடுத்தேன். மஞ்சள் மருந்து கேக்கும்னு எனக்குத் தெரியும். என் குட்டிங்களுக்குக் குடுத்தேன். இவங்ககிட்ட சொல்லல."

ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. மெரெரிட் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் வண்டித்தட்டுக்கு முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"ஆகஸ்ட் பதினேழு."

அவள் உதடுகள் அசைந்தன. எல்லாரும் பார்க்க, விரல்விட்டு எண்ணினாள்.

"அன்னிக்கு வரைக்கும் ஒம்பது செத்திருந்துச்சு" என்றாள். "மொத்தம் முப்பத்தொண்ணு. அந்த ஒம்பது விதி. மிச்சம் இருபத்திரண்டு நீ."

அவள் திரும்பிக்கொண்டாள். ஏலக்காரரிடம் ஏலம் இல்லை என்றாள். லோவ்ரி வந்திருந்தாள், அவளிடம், திங்கட்கிழமை மஞ்சள் மருந்தோடு வா என்றாள். தேநீர் போட்டாகிவிட்டதே என்று எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். எழுபது பேரும் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே குடித்தார்கள். இத்வலுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. நெரிஸ் தன் கோப்பையைத் தொடாமல் வைத்துவிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தாள். அது அவருக்கு எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் சபையின் பின்கட்டில் மேய்ச்சல் சங்கம் கூடியது. மலையில் ஆடு விடுகிற பதினாலு பண்ணைகளும் புழுக்கையைக் கொண்டுவந்து லோவ்ரியிடம் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். எண்ணி முடித்தபோது பதினொரு பண்ணைகளில் வெள்ளை மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. எல்லாம் தானிகார்த் கிடாவிலிருந்து வந்திருக்க முடியாது. சில இடங்களில் அது ஆறேழு வருஷத்துப் புழு. முடிவை வாசித்த மறுநாள் பகலில் குவிலிமின் மேட்டு வயலில் பனி இறங்கியது. அவர் இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் முப்பது மைல் தள்ளி வேறொரு ஊரில் போய் மஞ்சள் மருந்து வாங்கி வந்துகொண்டிருந்தார். அதற்கு மறுநாள் இன்னும் மூன்று பண்ணைகளில் இறங்கியது. அந்த மாதம் பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து போனவர்கள், நல்ல வெயிலில் அங்கங்கே கட்டம் கட்டமாக மின்னுகிற வயல்களைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பள்ளத்தாக்கில் யாரும் நிமிர்ந்து நடக்கவில்லை. ஒவ்வொருவராகப் பின்கட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போதிலிருந்து தெரியும் என்பதைச் சொன்னார்கள். குவிலிம் கடைசியாக வந்தார். ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சொன்னவர்களின் வயல்கள் இரண்டு மூன்று நாளில் காய்ந்தன. தானிகார்த் வயல் காயவில்லை. இருபத்திரண்டு என்ற எண்ணுக்காக இருக்கலாம் என்றார்கள். இத்வல் ஏன் என்று கேட்டதே இல்லை.

பிறகு வருஷங்கள் போயின. ப்ளைனந்த் மந்தை அடுத்த கோடையில் தேறியது, பன்னிரண்டு ஆடுகளும் அங்கேயே இருந்தன, சரிவு காலியாகவில்லை. பள்ளத்தாக்குக்கு வாங்கிவரும் கிடாக்களுக்கென்று சபைக்குப் பின்னால் பொதுவாக ஒரு கொட்டகை கட்டினார்கள். அதன் தரையை இத்வல் தாமாகக் கழுவிவிட்டு வந்தார், அவரை யாரும் கழுவச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நனைந்த வயலில் செம்மறி விடுவதை நிறுத்தி மாடுகளை விட்டார். செம்மறிப் புழு மாட்டின் வயிற்றில் பிழைக்காது, மாடுகளும் பனியைப் பொருட்படுத்தவில்லை. வானிலைத் துறையிலிருந்து ஒருவர் வந்து நாலு நாள் தங்கி அளந்து பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஈரப்பதம் அதிகம் என்று எழுதிக்கொண்டு போனார். நெரிஸ் நாற்காலிகளுக்கு மெழுகுத்துணி தைத்துப் போட்டாள். ஒரு வருஷம் அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள், இரண்டாம் வருஷம் கொஞ்சம் கூடப் பேசினாள். மகளின் திருமணப் படத்தில் ஓரமாக நிற்கும் அப்பாவின் உடுப்பு மட்டும் மற்றவர்களுடையதைவிட ஒரு மடங்கு கருப்பாக இருக்கிறது. நல்ல மனுஷன் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அது அவருக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது. மெரெரிட் அவரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வதில்லை. எதிரில் ஒரு கதவு இருந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டு போவாள்.

ஐந்தாவது வருஷம் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, கீழே டவுனில் ஆட்டுச் சந்தை. சந்தைக் கூடத்தின் சுவரோரம் நான்கு பெஞ்சுகள் உண்டு. கடைசி பெஞ்சு இத்வலுடையது. எழுதி வைக்கவில்லை, ஆனால் அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள். பலகையில் எப்போதும் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும். அன்று மற்ற மூன்று பெஞ்சுகளும் காலியாக இருந்தன. மெரெரிட் கையில் காகிதத்தில் சுற்றிய, இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டியோடு, நல்ல சாம்பல் நிறக் கோட்டில் வந்தாள். அந்தக் கோட்டை அவள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சந்தைக்கும் மட்டுமே போடுவாள். மூன்று பெஞ்சுகளையும் தாண்டி வந்தாள். இத்வல் அவசரமாகத் தம் கைக்குட்டையால் பலகையைத் துடைக்கப் போனார், கைக்குட்டையும் ஈரம். அவள் அப்படியே உட்கார்ந்தாள். தண்ணீர் கோட்டில் ஏறியது. அவள் ரொட்டியைப் பாதி தின்றாள்.

"மூணு போட்டிருக்கு" என்றாள்.

"எது?"

"ஒத்தைக் கொம்பு. அன்னிக்கு உனக்குன்னு எடுத்து வச்ச பன்னெண்டுல ஒண்ணு. மூணு குட்டி. மூணும் நல்லாயிருக்கு."

"மூணுமா?"

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"கால் வலிக்குது, உக்காந்தேன்" என்றாள் மெரெரிட். மிச்ச ரொட்டியையும் தின்று முடித்தாள். காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கோட்டின் பின்புறம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை கறுத்து நனைந்திருந்தது. அதை அவள் தட்டவுமில்லை, பிழியவுமில்லை. அன்று மாலை சந்தை கலையும்வரை அந்த ஈரத்தோடு தடுப்புக்குத் தடுப்பு நின்று ஆடுகளைப் பார்த்தாள், விலை கேட்டாள், குவிலிமோடு சண்டை போட்டாள். எல்லாரும் பார்த்தார்கள்.